இடமாகச் சுற்றியவள்

2018 ஆகஸ்ட் கடைசியில் என் பேத்தி என்னைக் குரோம்பேட்டைக்குப் படம் பார்க்க அழைத்துப் போனாள். படம் ‘லட்சுமி’. ஏ.எல்.விஜய் இயக்கியது. பிரபுதேவாவும் தித்யா என்ற சிறுமியும் ஆடியிருந்தார்கள். ஆட்டம் என்றாலே பிடிக்காத அம்மா, ஆடாமல் இருக்க முடியாத பெண், ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கிற ஒரு பழைய ஆட்டக்காரர், இவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய போட்டி. இடைவேளையில் பேத்தி பாப்கார்னை என் மடியில் வைத்துவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

“இனிமே பாருங்க பாட்டி. மாஸ்டரோட பழைய கதை ஒண்ணு வரும். எல்லாம் நல்லாப் போகும்போது ஒரு தடங்கல் வரும். டீமே உடைஞ்சுபோற மாதிரி இருக்கும். அப்புறம் கடைசி ரவுண்டு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுவாங்க.”

ஏறக்குறைய அவள் சொன்ன படிகளில்தான் படம் ஏறியது. ஆனாலும் கடைசி ஆட்டத்தின்போது அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முடிவு தெரிந்த கதைக்கே குழந்தையின் கை வியர்க்கிறது என்றால், அந்தக் கதைப்போக்கில் ஏதோ ஓர் உண்மை இருக்கத்தான் வேண்டும். வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, “உங்க காலத்துல டான்ஸ் போட்டிப் படம் எல்லாம் உண்டா பாட்டி?” என்று கேட்டாள். திருநீர்மலை வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ வந்தபோது எனக்கு எட்டு வயது. 1958. அப்போது திருநீர்மலை என்றால் மலை, மலையடியில் கோயில், குளம், ஏரி, வயல், நாலைந்து தெரு, அவ்வளவுதான். சினிமாவுக்குப் பல்லாவரம் பக்கம் டெண்ட் கொட்டகைக்கு நடந்து போக வேண்டும். பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் என்னை உட்கார வைத்தாள் அத்தை. திரையில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் எதிரெதிரே வந்து நின்றார்கள். சி.ராமச்சந்திராவின் இசை, பி.லீலாவும் ஜிக்கியும் பாடிய பாட்டு, ஹீராலால் அமைத்த ஆட்டம். இந்த விவரமெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், பி.எஸ்.வீரப்பா சபாஷ் போட்டதும் கொட்டகை முழுக்க எழுந்து நின்றது மட்டும்தான். அவர் சொன்ன அந்த ஒற்றை வரி, தமிழ்நாட்டில் எந்த இரண்டு பேர் எதிரெதிரே நின்றாலும் சொல்லப்படுகிற வழக்காகவே ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது ஏரிக்கரை இருட்டில் அப்பாவுக்கும் அத்தைக்கும் பெரிய வாக்குவாதம். அப்பா பத்மினி கட்சி, அத்தை வைஜெயந்திமாலா கட்சி. யார் ஜெயித்தார்கள் என்று தீர்ப்புச் சொல்லாமலே அந்த ஆட்டம் நின்றுபோகிறது. படத்தை இயக்கிய வாசன் அதை வேண்டுமென்றேதான் செய்திருப்பார். ஒருத்தி ஜெயித்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு கட்சி அன்றைக்கே வாய் மூடியிருக்கும். நடக்கவில்லை. அத்தை கண்ணை மூடுகிறவரைக்கும் வைஜெயந்திமாலா கட்சிதான்.

அந்த ஆட்டத்தை இப்போது பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. அந்த இரண்டு பெண்களும் அடவுக்காக ஆடவில்லை. இருவருக்கும் மனசு ஒரே ஆளிடம் இருக்கிறது. மேடையில் ஆடுவது ஒன்று, உள்ளே பணயம் வைத்திருப்பது வேறொன்று. ‘லட்சுமி’யிலும் அதுதான். அந்தக் குழந்தை கோப்பைக்காகவா ஆடினாள்? நடனப் போட்டிக் கதை எதுவானாலும் இந்த முடிச்சு இல்லாமல் நிற்காது. முடிச்சு இல்லாவிட்டால் அது கதையாக இருக்காது, பள்ளி ஆண்டு விழாவாகத்தான் இருக்கும்.

வஞ்சிக்கோட்டையின் அந்தப் பாட்டை எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. அதே சுப்புதான் கலைமணி என்ற பெயரில் ஆனந்த விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை எழுதினார். கோபுலு படம் போட்டார். அத்தை அதை வாராவாரம் கிழித்து, சேர்த்துத் தைத்து, கெட்டி அட்டை போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். 1968இல் ஏ.பி.நாகராஜன் அதைப் படமாக்கியபோது எனக்குப் பதினெட்டு வயது. பத்து வருஷம் கழித்து மறுபடியும் பத்மினி, மறுபடியும் ஒரு போட்டி. இந்தத் தடவை எதிரே இன்னொரு சலங்கை இல்லை, நாதஸ்வரம். சிவாஜி வாசித்ததாகவே நாங்கள் நம்பினோம். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

என் பேத்தி எண்ணிய விரல்களை இந்தப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம். சிறிய வீம்பில் தொடங்குகிறது, சவால் வருகிறது, இரண்டு பக்கமும் கோபம் ஏறுகிறது, எல்லாம் ஒழுங்காகத்தான் வருகிறது. ஆனால் போட்டி கடைசியில் வரவில்லை, நடுவில் வந்துவிடுகிறது. தில்லானா முடிந்த கையோடு ஒருவன் நஞ்சு தடவிய கத்தியை வீசுகிறான், வாசித்தவருடைய கை காயப்படுகிறது. அதற்குப் பிறகும் படம் வெகுதூரம் ஓடுகிறது. போட்டியில் ஜெயிப்பதற்காக ஆடிய அதே பெண், பின்னால் ஒரு சபையில், அத்தனை பேர் நடுவில், அவரிடம் ஆட்டத்தாலேயே நலம் விசாரிக்கிறாள். காயம் ஆறிவிட்டதா என்று அவள் கண் கேட்கிறது. அவர் நாதஸ்வரத்தில் பதில் சொல்கிறார். தில்லானாவை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்களோ தெரியாது. அந்த நலம் விசாரிப்பை மறந்த தமிழர் யாருமில்லை.

பதினெட்டு வயதில் அதைப் பார்த்து அழுதேன். ஆனால் அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1983இல் கே.விஸ்வநாத்தின் ‘சலங்கை ஒலி’ வந்தது. கமல்ஹாசன், ஜெயப்பிரதா, இளையராஜாவின் இசை. அதில் அந்த நடனக்காரருக்கு டெல்லியில் ஆட அழைப்பு வருகிறது. அழைப்பிதழில் தன் படத்தைப் பார்த்து அவர் அடைகிற பரவசத்தைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும். ஆனால் அவர் ஆடவே இல்லை, தாய் இறந்துபோகிறாள். எதற்காகக் கதை முழுக்க ஏங்கினாரோ அந்த மேடை நடக்காமலே போகிறது. ஒரு படம் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை, இன்னொன்று போட்டியை நடுவில் வைத்தது, மற்றொன்று மேடையையே எடுத்துவிட்டது. நல்ல கதைக்காரர்களுக்குக் கோப்பை ஒரு பொருட்டாக இருந்ததில்லை என்று பேத்தியிடம் சொன்னேன். சொன்னவள் நான்தான். ஆனால் எனக்குக் கோப்பை பெரிய பொருட்டாக இருந்த காலம் ஒன்று உண்டு.

நான் அப்போது பல்லாவரம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. ‘சலங்கை ஒலி’ வந்த மறுவருஷம், எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் தாழ்வாரத்தில் கால் தட்டிக்கொண்டிருப்பாள். மாவட்ட அளவில் பள்ளிகளுக்கான நடனப் போட்டி காஞ்சிபுரத்தில் நடக்கப்போவதாகத் தகவல் வந்ததும் நான் பின்னல் கோலாட்டம் என்று முடிவு செய்தேன்.

பின்னல் கோலாட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே ஒரே இடத்தில் கட்டிய வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கொரு கயிறு ஒரு கையில், கோல் மறு கையில். பாதிப் பேர் வலமாகச் சுற்றுவார்கள், பாதிப் பேர் இடமாக. எதிரே வருகிறவளை ஒரு முறை உள்ளே விட்டு, அடுத்தவளை வெளியே விட்டு, மாறி மாறிப் போகப் போக, மேலே கயிறு சடைபோலப் பின்னிக்கொண்டே இறங்கும். பாதியில் தாளம் மாறும். எல்லோரும் திசையை மாற்றி, வந்த வழியே ஆடிப் போனால் பின்னல் தானாகப் பிரியும். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ மாயம்போல் இருக்கும். ஒருத்தி ஒரு தடவை உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனால் போதும், மொத்தமும் சிக்கு.

பள்ளி வேப்பமரத்துக் கிளையில் கயிறு கட்டினோம். பத்துப் பெண்கள். நடுவில் கயிறுகளுக்கு அடியில் ஒரு முக்காலி போட்டு நான் உட்கார்ந்து ஜால்ரா தட்டுவேன். ஆடியில் ஆரம்பித்து ஆறு மாதம். சினிமாவில் இந்த ஆறு மாதம் ஒரே பாட்டில் முடிந்துவிடும். பாட்டின் தொடக்கத்தில் தடுக்கி விழுகிறவள் சரணத்துக்குள் சுழன்று ஆடுவாள். எங்கள் மலைக்கு இந்த ஆறு மாதக் கணக்கு நன்றாகத் தெரியும். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து நின்றதாம். ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பிறகு ஏறிச் சேவித்தார் என்பது ஊர் சொல்லும் கதை. நீர்மலை என்ற பேரே அதில் வந்தது. கீழே நீர்வண்ணர் நிற்கிறார். மேலே நரசிம்மர் வீற்றிருக்கிறார், அரங்கநாதர் சயனித்திருக்கிறார், உலகளந்தவர் அடியெடுத்து வைக்கிறார். நாலு கோலத்தையும் பார்க்க அந்த மனிதர் ஆறு மாதம் கரையில் உட்கார்ந்திருந்தார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி அனகாபுத்தூரும் முடிச்சூரும் தண்ணீரில் நின்றபோது, அது எப்படிப்பட்ட காத்திருப்பு என்று நாங்களும் கொஞ்சம் தெரிந்துகொண்டோம்.

எனக்கு அந்தப் பொறுமை அப்போது இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இடமாகச் சுற்றுகிற அணியில் மூன்றாமவள், எப்போதும் அரைத் தாளம் பின்தங்குவாள். நான் ஜால்ராவை ஓங்கித் தட்டுவேன். “காது கேக்குதா இல்லையா?” என்று எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். அவள் தலை குனிந்துகொள்வாள்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விதிமுறைத் தாள் வந்தது. ஒரு பள்ளிக்கு எட்டுப் பேர். ஒருத்தி, வீட்டில் கல்யாணம் என்று தானாக விலகிக்கொண்டாள். இன்னொருத்தியை நான் விலக்க வேண்டும். யோசிக்கக்கூட இல்லை. அவளைக் கூப்பிட்டு, “நீ சாமான்களைப் பாத்துக்கோ, கூட வா” என்றேன். “சரி டீச்சர்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு என் மனசில் ஓடியது சினிமாதான். ஆசிரியை கண்டிப்பாக இருக்கிறாள், அணி கூர்மையாகிறது, கடைசியில் எல்லோரும் எழுந்து கை தட்டுகிறார்கள். அந்தப் படத்தில் விலக்கப்பட்டவளுக்கு ஒரு காட்சியும் நான் எழுதி வைத்திருக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் எட்டுப் பேரும் அழகாகத்தான் தொடங்கினார்கள். சடை பாதி இறங்கியிருக்கும். யார் மேல் எனக்கு முழு நம்பிக்கையோ அவள், முதல் வரிசைக்காரி, கூட்டத்தைப் பார்த்த மிரட்சியில் வெளியே போக வேண்டிய இடத்தில் உள்ளே போனாள். நாலு சுற்றுக்குள் கயிறு முடிச்சாகி, யாராலும் நகர முடியாமல் எட்டுக் குழந்தைகளும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். கூட்டம் எழுந்து நிற்கவில்லை. கை தட்டினார்கள், பாவம் என்கிற கை தட்டல்.

கயிறு இரவல் வாங்கியது, திருப்பித் தர வேண்டும். மற்றவர்கள் மூலைக்கு ஒருவராக அழுதுகொண்டிருந்தபோது, விலக்கப்பட்டவள் தாழ்வாரத்துத் தூணில் கயிற்றின் தலைப்பைக் கட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எந்தக் கயிறு எந்தக் கயிற்றுக்குக் கீழே போனது, எந்த இடத்தில் தப்பு நடந்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கயிற்றைக்கூட இழுக்கவில்லை, அறுக்கவில்லை. எட்டையும் தனித்தனியாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாம்பரம் பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, அவள் பள்ளியை விட்டுப் போன பிறகு, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. “அவளுக்கு இடது காது கேக்காதே டீச்சர். சின்னதுல சீழ் வச்சுது, அப்படியே போயிடுச்சு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

அன்று மாலை பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகு வேப்பமரத்தடிக்குப் போனேன். இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு, முக்காலி போட்டிருந்த இடத்தை இடமாகச் சுற்றி நடந்தேன். கேட்காத காது, நான் உட்கார்ந்து ஜால்ரா தட்டிய நடுவைப் பார்த்து இருந்தது. திரும்பி வலமாக நடந்தேன். நல்ல காது நடுப்பக்கம் வந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. பின்னும்போதுதான் அவள் பின்தங்குவாள். பிரிக்கும்போது, எல்லோரும் திசை மாறி அவளும் வலமாகச் சுற்றும்போது, ஒரு தடவைகூடத் தாளம் தப்பியதில்லை. ஆறு மாதம் தினம் பார்த்தவள் நான். அவளை அணி மாற்றி வலமாகச் சுற்ற விட்டிருந்தால் போதும். “ஏம்மா, என்ன கஷ்டம்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதட்டலாகக் கேட்ட அதே கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம்.

அதன் பிறகாவது போய்ப் பார்த்தேனா என்றால், இல்லை. வெட்கம். வெட்கம் ஒரு வருஷம், வேலை ஒரு வருஷம், அப்புறம் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள் என்கிற சமாதானம். தவறு செய்ததைக்கூட மனசு மறந்துவிடும்போல, தெரிந்த பிறகும் போய் நலம் கேட்காமல் இருந்ததை அது மறப்பதில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தேன், பணி ஓய்வுக்குப் பின் தெருப் பிள்ளைகளுக்கும். எந்தக் குழந்தை பின்தங்கினாலும் முதலில் அவளை வேறு இடத்தில் நிற்க வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அதுவே போதுமாக இருந்தது. சிலருக்குக் கண், சிலருக்குப் பசி, ஒருத்திக்கு வீட்டில் நடந்த சண்டை. தாளம் வராமல் பின்தங்கியவர்கள் மிகக் குறைவு.

போன வைகுண்ட ஏகாதசிக்கு மலையேற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கீழே நீர்வண்ணரைச் சேவித்துவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் மேலே போய்க்கொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் வந்து என் முன்னால் குனிந்து, “டீச்சர், தெரியுதா?” என்றாள். தலை குனிகிற விதத்திலேயே தெரிந்துவிட்டது. இடது காதில் சின்னக் கருவி. பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தொட்டு, “ரொம்ப வலிக்குதா டீச்சர்? எத்தனை நாளா?” என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

எனக்கு அதற்குப் பதில் வரவில்லை. நாற்பது வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அன்னிக்குக் காஞ்சிபுரத்துல உன்னை உக்கார வச்சுட்டேனேம்மா. அழுதியா?”

“அழுகை வந்துச்சு டீச்சர். பஸ்ல உக்காந்து அழலாம்னுதான் இருந்தேன். வாலாஜாபாத் தாண்டினதும் நீங்க தூங்கிட்டீங்க. உங்க தலை என் தோள்ல சாஞ்சுடுச்சு. நான் அழுதா தோள் குலுங்கும், நீங்க முழிச்சிடுவீங்கன்னு அப்படியே அசையாம உக்காந்திருந்தேன். தாம்பரம் வர்றதுக்குள்ள அழுகை போயிடுச்சு.”

மேலே படிகளில் யாரோ கோவிந்தா சொல்லிக்கொண்டு போனார்கள். நான் தூணைப் பிடித்து மெதுவாக எழுந்து, அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

“சொல்லும்மா” என்றேன். “நீ எப்படி இருக்கே?”